அப்பாரு சொல்வதும் பார்சன்ஸ் சொன்னதும்

பின்னால் படிப்பவர்களுக்காகக் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் அவிநாசிப் பக்கத்துக்காரர். பகலில் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார், இரவில் அஞ்சல்வழி எம்.ஏ. சமூகவியல் படிக்கிறார். 'குடும்பமும் சமூக மாற்றமும்: பழமைவாதப் பார்வை' என்று ஒரு பாடம் வருகிறது. அதைப் படிக்கப் படிக்க, வீட்டுத் திண்ணையில் அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, தினமும் சொல்வதையே வெளிநாட்டுப் பேராசிரியர்கள் நீட்டி எழுதியிருப்பது போலத் தோன்றுகிறதாம். கூட்டுக் குடும்பம் போச்சு, பெரியவங்க பேச்சுக்கு மதிப்பில்லை, புள்ளைங்க படிச்சதுதான் எல்லாத்துக்கும் காரணம். இது சமூகவியலா, வெறும் புலம்பலா, நம் கொங்கு நாட்டுக்கு இது பொருந்துமா என்று கேட்கிறார்.

குடும்பம் சிதைகிறதா என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு மாற்றத்தைப் பார்த்து வருத்தப்படுவதற்கும் அந்த மாற்றத்தை விளக்குவதற்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று கேட்கிறார். அது நல்ல கேள்வி. கோவை மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் 27 வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவன் நான். பிறந்து வளர்ந்தது காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில். அதனால் பாடமும் தெரியும், திண்ணையும் தெரியும். என் குறையும் அங்கேதான் இருக்கிறது. நிலம் இருந்த வீட்டிலிருந்து பார்த்தவன் எழுதும் பதில் இது, அந்தக் கழிவைப் போட்டுப் படியுங்கள்.

முதலில் அந்தப் பெயர். நம் ஊரில் பழமைவாதி என்றால் வசவு. சமூகவியலில் அது, கேள்வியை எங்கிருந்து தொடங்குகிறார்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒரு ஏற்பாடு பல தலைமுறை நின்றிருக்கிறது என்றால் அது ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்திருக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டால் அந்த வேலையை இனி யார் செய்வார்கள்? இதுதான் அவர்களுடைய ஆதாரக் கேள்வி. ஆனால் பாடநூல்கள் இந்தப் பெயரில் மூன்று வேறு வேறு கூட்டத்தை ஒரே வண்டியில் ஏற்றிவிடுகின்றன. பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதியவர்கள் முதல் கூட்டம். அவர்களில் போனால்ட் விவாகரத்தைக் கடுமையாக எதிர்த்தவர். 1816 இல் பிரான்ஸ் விவாகரத்தையே ரத்து செய்தது, 1884 வரைக்கும் அது திரும்பி வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எழுதிய மர்டாக், டால்காட் பார்சன்ஸ் போன்ற செயல்பாட்டியலாளர்கள் (ஒவ்வொரு அமைப்பும் சமூகத்துக்கு என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பவர்கள்) இரண்டாவது கூட்டம். இவர்களை அரசியல் பழமைவாதிகள் என்று சொல்வது சரியில்லை. சமூக ஒழுங்கையே நடுவில் வைத்துப் பார்த்ததால் அந்த முத்திரை விழுந்தது. அரசு கொடுக்கும் உதவித்தொகைதான் குடும்பத்தைக் கெடுக்கிறது என்று 1980களில் கிளம்பிய சார்லஸ் மரே வகையறா மூன்றாவது.

இந்த மூன்றாவது கூட்டத்தை நம் ஊர்க் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. இங்கே அரசு பணம் கொடுத்தாலும் 'குடும்பத் தலைவி' என்று பெயர் வைத்துத்தான் 2023 முதல் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. முதியோர் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு ஆத்தாவுக்கு மருமகளிடம் மரியாதை கூடியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

நமக்கு மிகவும் நெருங்கி வருபவர் முதல் கூட்டத்தின் வழியில் வந்த லெ ப்ளே. 1806 முதல் 1882 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், தொழிலால் சுரங்கப் பொறியாளர். வேலை நிமித்தமாக ஐரோப்பாவைச் சுற்றிய மனிதர், போன இடத்திலெல்லாம் ஒரு தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து வரவு செலவை எழுதி வாங்கினார். 1855 இல் அப்படி 36 குடும்பங்களின் கணக்கை வெளியிட்டார். வீட்டுக் கணக்கு நோட்டை வைத்துச் சமூகவியல் செய்தவர் என்பதால் அவர் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அவர் குடும்பத்தை மூன்றாகப் பிரித்தார். எல்லா மகன்களும் தகப்பன் கூரையின் கீழேயே இருப்பது ஒன்று. ஒரு பிள்ளை மட்டும் நிலத்தோடும் பெற்றோரோடும் தங்க, மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு வெளியே போய்ப் பிழைப்பது இன்னொன்று; வேர்க்குடும்பம் என்று சொல்லலாம். பெற்றோர் கண்ணை மூடியதும் ஆளுக்கொரு திசையாகக் கலைந்துபோவது மூன்றாவது, அதை நிலையற்ற குடும்பம் என்றார். வேர்க்குடும்பம் கலைவதற்கு அவர் காட்டிய குற்றவாளி, புரட்சிக்குப் பின் வந்த சமபங்கு வாரிசுச் சட்டம். நிலம் துண்டு துண்டாகிறது, தகப்பன் கையில் பிடி இல்லை, அப்புறம் குடும்பம் எதை வைத்து நிற்கும் என்பது அவர் வாதம்.

இதை அப்படியே கொண்டுவந்து நம் ஊர்ச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வைத்துப் பாருங்கள். 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2005 இல் மத்தியச் சட்டம் கல்யாணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த மத்தியச் சட்டம் வந்த தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்ணுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட பெரியார் ஈரோட்டுக்காரர் என்பதையும் இந்த இடத்தில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். லெ ப்ளே சொன்னது சரியென்றால், இந்தச் சட்டங்கள் வந்த பிறகு கொங்கு நாட்டுத் தோட்டங்கள் மகள் பங்கு, மகன் பங்கு என்று சிதறியிருக்க வேண்டும். நடந்தது வேறு. எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கைவந்தது விடுதலைப் பத்திரம்தான். 'எனக்குரிய பாத்தியத்தை என் சகோதரர்களுக்கு விடுதலை செய்து கொடுக்கிறேன்' என்று அக்கா தங்கைகள் எழுதிக் கொடுப்பது.

எங்கள் வீட்டிலும் எழுதினார்கள். 2007 இல், அப்பா இறந்து ஒரு வருடம் கழித்து. பல்லடத்திலிருந்து அக்கா பஸ்ஸில் வந்தாள். பத்திரம் எழுதி, டோக்கன் போட்டு, கைரேகை வைத்து, பெருவிரல் மையைத் துடைக்கச் சுவரில் மாட்டியிருந்த துணியில் துடைக்க மனமில்லாமல் தன் கைக்குட்டையிலேயே துடைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்து நின்றாள். கிளுவை வேலி போட்ட கொரங்காடு ஒன்று உண்டு எங்களுக்கு, மாடு மேய்க்கிற காடு. சின்ன வயதில் அவள் மேய்த்த காடு அது. நான் ஏதோ சமாதானமாகச் சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே, "பொறந்த வூடு வேணுமா, பங்கு வேணுமான்னா நான் பொறந்த வூட்டத்தான் தம்பி எடுத்துக்குவேன். ரண்டுல ஒண்ணுதான்னு ஆக்கி வெச்சது நீங்கதானே?" என்றாள். அப்புறம் மூன்று பேரும் ஹோட்டலில் சாப்பிட்டோம், காசு அண்ணன் கொடுத்தார். அந்த வாரம் வகுப்பில் வேர்க்குடும்பம்தான் பாடம்.

லெ ப்ளேயிடம் எது சரி, எது கோணல் என்பது அக்கா சொன்ன அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. சொத்தும் உறவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன, சொத்துச் சட்டத்தைத் தொட்டால் குடும்பம் ஆடும் என்றார். அது முழுக்கச் சரி. ஆனால் சட்டம் வந்ததும் குடும்பம் உடைந்துவிடும் என்று நினைத்தார். குடும்பம் சட்டத்தைச் சுற்றி வளைந்து போகத் தெரிந்த பிராணி. பிரான்சிலேயே உழவர் குடும்பங்கள் சமபங்குச் சட்டத்தைச் சுற்றிப் போக வழி கண்டுபிடித்தன. நம் ஊரில் மகள்கள் வளைந்தார்கள், அதற்குப் பதிலாகச் சீர் கிடைத்தது, பொங்கலுக்குச் சேலை கிடைத்தது, பிள்ளைகளுக்குத் தாய்மாமன் மடி கிடைத்தது. குடும்பம் கலையாமல் நின்றது என்று திண்ணையிலிருந்து பார்ப்பவர் சொல்வார். யார் காசில் நின்றது என்று அவர் கணக்குக் கேட்பதில்லை. இப்போது விடுதலைப் பத்திரத்துக்கு மறுக்கும் பெண்கள் கூடியிருக்கிறார்கள் என்று எழுத்தர்கள் சொல்கிறார்கள். அவர்கள் வாய்ப்பேச்சு அது, ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, பார்சன்ஸுக்கு வருவோம். பாடத்தில் அதிக இடம் இவருக்குத்தான். ஒரு காலத்தில் குடும்பமே பள்ளிக்கூடம், பட்டறை, ஆஸ்பத்திரி எல்லாமாக இருந்தது. தொழில் வளர வளர அந்த வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டன. 1955 இல் அவர் எழுதியபடி குடும்பத்திடம் மிஞ்சியவை இரண்டு: குழந்தையைச் சமூகத்துக்கு ஏற்ற மனிதனாக ஆக்குவது, வெளியே அலைந்துவிட்டு வரும் பெரியவர்களின் மனதை நிலைப்படுத்துவது. வேலை எங்கே இருக்கிறதோ அங்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், கணவன், மனைவி, குழந்தை என்ற சின்னக் குடும்பம்தான் தொழில் சமூகத்துக்குத் தோது என்றார். ஆக, இவர் குடும்பம் அழிகிறது என்று அழவில்லை. மெலிந்து, தன் வேலையில் தேர்ந்துவிட்டது என்கிறார். அப்பாருவும் பார்சன்ஸும் ஒன்றல்ல என்று தேர்வில் எழுத இந்த இடம் உங்களுக்கு உதவும்.

ஆனால் கொங்கு நாட்டில் பார்சன்ஸின் வண்டி மாட்டுக்கு முன்னால் நிற்கிறது. இங்கே குடும்பம் தொழிலைத் தேடிப் போகவில்லை, தொழில் தோட்டத்துக்கு வந்தது. 1932 இல் பைகாரா மின்சாரம் வந்தது. கோவையில் மில்களும் பட்டறைகளும் பெருகின. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றம் போய் மோட்டார் பம்பு வந்தது. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே விசைத்தறிக் கொட்டகை எழுந்தது. சோமனூர், பல்லடம், பள்ளிப்பாளையம் எங்கும் இதைப் பார்க்கலாம். திருப்பூரைப் பாருங்கள். கிராமத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே எப்படி முதலாளிகளாக ஆனார்கள் என்று சரத் சாரி என்ற ஆய்வாளர் 2004 இல் விரிவாக எழுதினார். சகோதரத்துவமே முதலாய்ப் போடப்பட்டது என்பது அவர் கருத்தின் சாரம். உள்ளூர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரியவர் ஆர்டர் பிடிப்பார், நடு அண்ணன் நிட்டிங் பார்ப்பார், மச்சான் சாயப்பட்டறையில் நிற்பார், பெட்டிச் சாவி அம்மா இடுப்பில் இருக்கும். கல்யாணத்தில் வந்த நகை அடகுக் கடைக்குப் போய் ஓவர்லாக் மிசினாகத் திரும்பி வரும். பாங்கு கொடுக்காத நம்பிக்கையைப் பங்காளியும் மாமன் மச்சானும் கொடுத்தார்கள். மாற்றம் வந்து குடும்பத்தைக் கலைத்தது என்று அப்பாரு சொல்வாரானால், அந்த மாற்றத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்ததே குடும்பம்தான் என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம்.

பார்சன்ஸ் சொன்ன குடும்பம் திருப்பூரில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. லைன் வீட்டில் இருக்கிறது. தேனியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஒற்றை அறையில் கணவன், மனைவி, ஒரு குழந்தை, ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை சம்பளம் என்று வாழ்பவர்கள் அவர் வரைந்த படத்துக்குள் அப்படியே உட்காருவார்கள். அதிலும் பாதிதான். ஆண் சம்பாதிப்பது, பெண் வீட்டின் மனநிலையைக் கவனிப்பது என்று அவர் பிரித்த பாத்திரம் அங்கே கிடையாது, இரண்டு பேருமே மிசினில்.

அந்தப் பாத்திரப் பிரிவு நம்மிடம் எப்போதும் இருந்தது போலப் பேசுவது எனக்குப் புரியாத விஷயம். எங்கள் ஆத்தா விடியற்காலை நாலு மணிக்குப் பட்டியைக் கூட்டி, பால் பீய்ச்சி, ஆளுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் தலைக்கு எண்ணெய் வைப்பாள். எங்கள் காட்டில் களை வெட்டிய, பருத்தி எடுத்த மாதாரி வீட்டுப் பெண்கள் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு நாள் முழுக்க வெயிலில் நின்றார்கள். வீட்டில் மட்டும் இருக்கும் மனைவி என்பது இங்கே மரபு கிடையாது, கையில் காசு சேர்ந்த பிறகு வந்த அந்தஸ்து. பழைய குடும்பம் என்று நாம் பெருமூச்சு விடுவது யாருடைய குடும்பத்தை என்று கேட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். காங்கேயம் பக்கத்தில் 1960களில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், நிலத்தோடு கட்டுண்ட சாதிகளின் உறவுமுறையும் சடங்கும் ஒரு தினுசு, மற்றவர்களுடையது வேறு தினுசு என்று அப்போதே காட்டியிருக்கிறார். கொங்குக் குடும்பம் என்று ஒருமையில் எழுதாதீர்கள், மதிப்பெண்ணும் கூடக் கிடைக்கும்.

இனி, கூட்டுக் குடும்பம் போச்சு என்ற வாக்கியம். இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துவிடலாம். வீடு சிறுத்திருக்கிறது என்பது உறுதி: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக நான்கு பேர்கூட இல்லை. பிள்ளைப்பேறு குறைந்திருப்பதும் உறுதி. 1990களின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு குழந்தை என்ற அளவுக்கு வந்துவிட்டோம்; 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் அது 1.8. ஆனால் முன்பு எல்லோரும் மூன்று தலைமுறையாக ஒரே கூரையில் இருந்தார்கள் என்பது சந்தேகத்துக்குரியது. இங்கிலாந்தில் பீட்டர் லாஸ்லெட் என்ற வரலாற்றாசிரியர் பழைய பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்தபோது, தொழிற்புரட்சிக்கு வெகு காலம் முன்பே வீட்டுக்குச் சராசரி 4.75 பேர்தான் இருந்தார்கள். நம் நாட்டில் சுதந்திரம் வந்த காலத்தில் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32. குழந்தை இறப்புதான் அதை அவ்வளவு கீழே இழுத்தது என்றாலும், பேரனுக்கு மீசை முளைப்பதைப் பார்த்த தாத்தாக்கள் அன்றைக்குக் குறைவு. அப்பாருவோடு சண்டை போடும் வசதி உங்களுக்குக் கிடைத்திருப்பதே புதிய விஷயம்.

இன்னொரு சிக்கல், எண்ணுவது. ஒருமுறை மாணவர்களைப் பொங்கலூர்ப் பக்கம் ஓர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா என்று படிவத்தில் குறிக்க வேண்டும். ஒரு அம்மாவிடம் கேட்டதற்கு அவர், "வூடு ஒண்ணுங்க, அடுப்பு ரண்டு, ரேசன் கார்டு மூணு, எருமை பொது" என்றார். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று அந்தப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சமூகவியலாளர்கள் ஐ.பி. தேசாயும் ஏ.எம். ஷாவும் 1960, 70களில் குஜராத்தை வைத்துச் சொன்னது இதைத்தான்: ஒரே கூரையில் வசிப்பது வேறு, குடும்பமாக இருப்பது வேறு. கூரையை மட்டும் எண்ணினால் கூட்டுக் குடும்பம் செத்துவிட்டது போலத் தெரியும்.

அது எங்கே உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால் கிணற்றைப் பாருங்கள். நம் பக்கத்துக் கிரயப் பத்திரம் எதை எடுத்தாலும் 'பொதுக் கிணற்றில் 4-ல் 1 பாகமும், வண்டி வாகனம் ஆள் மாடு போக வர மாமூல் தடப் பாத்தியமும்' என்று இருக்கும். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் பத்து வருடம் ஆகியிருக்கும், ஆனால் தண்ணீர் முறை தவறாது. குலதெய்வக் கோயில் வரி தவறாது. இன்னும் வேடிக்கை வேண்டுமென்றால் உங்கள் கம்பெனி ஆடிட்டரையே கேளுங்கள். கோவை அடுக்குமாடிக் குடியிருப்பில் பெண்டாட்டியோடும் ஒரே பையனோடும் இருப்பவர் 'இந்துக் கூட்டுக் குடும்பம்' என்று தனி பான் கார்டு வைத்திருப்பார். கூட்டுக் குடும்பத்தின் மேல் உள்ள பற்றுதலில் வருமான வரித் துறையை மிஞ்ச ஆள் இல்லை.

பழமைவாதிகளின் ஆரூடங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் கார்ல் ஜிம்மர்மேன் 1947 இல், குடும்பம் தனித்தனி அணுக்களாகச் சிதறும் காலத்தில் நாகரிகமே வீழும் என்று கிரேக்கம், ரோம் எல்லாம் காட்டி எழுதினார். அவர் எழுதிய அதே வருடங்களில் அமெரிக்கர்கள் இளவயதில் கல்யாணம் செய்து, வரிசையாகப் பிள்ளை பெறத் தொடங்கியிருந்தார்கள். 1960களுக்குப் பின் அவர் சொன்னதுதானே நடந்தது என்று அவர் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். இருக்கலாம். முப்பது வருடம் முன்னும் பின்னும் நகர்த்தினால் எந்த ஜோசியமும் பலிக்கும்.

இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் நிஸ்பெட் சொன்னது கனமானது. 1953 இல் அவர் எழுதியது, தனி மனிதனுக்கும் அரசுக்கும் நடுவில் இருந்த குடும்பம், ஊர், கோயில் போன்ற சின்ன அமைப்புகள் மெலிந்தால், மனிதன் தனியாக அரசின் முன்னால் நிற்க வேண்டிவரும் என்று. 2007 இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் மகன் மேல் மனுக் கொடுக்க ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலக வாசலில் நிற்கும் பெரியவரைப் பார்த்தால் நிஸ்பெட் ஞாபகம் வரும். தானமாக எழுதிக் கொடுத்த செட்டில்மெண்டை, பையன் சோறு போடவில்லை என்று அந்தச் சட்டத்தில் ரத்து செய்ய முடியும். முன்பு ஊர்ப் பெரியவர்கள் மிரட்டிச் செய்து வைத்ததை இப்போது ஆர்.டி.ஓ. செய்கிறார். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்த திண்ணையில் யாருக்கு இடம் இருந்தது, யார் கைகட்டித் தள்ளி நின்றார்கள் என்பதை நிஸ்பெட்டுக்குத் தெரியாமல் போகலாம், நமக்குத் தெரியாமல் போகக் கூடாது. அந்த நடு அமைப்புக்கு நம் ஊரில் சாதி என்று ஒரு பெயரும் உண்டு. 2015 இல் பள்ளிப்பாளையம் பக்கம் தண்டவாளத்தில் கிடந்த இளைஞனின் உடலையும், 2016 இல் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே பட்டப்பகலில் நடந்த வெட்டையும், இரண்டுமே சாதி ஆணவக் கொலைகள், சேர்க்காமல், குடும்பமும் சமூகமும் தரும் பாதுகாப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினால் நான் அதைத் திருத்த மாட்டேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அப்பாரு வர்க்கத்தின் இன்னொரு புகார், தோட்டத்துப் பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பது. முப்பத்தைந்து வயதில் ஜாதகக் கட்டோடு தரகரிடம் அலைகிறார்கள், பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் கட்டுகிறார்கள். பொண்ணுங்களுக்குத் திமிர் என்பது திண்ணையின் தீர்ப்பு. படித்த பெண்கள் சாணி அள்ள வர மாட்டேன் என்பது ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. நாமக்கல்லும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில், 1991 கணக்கெடுப்பின்படி ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள். வேண்டாமென்று நினைக்கும் பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992 இல் அங்கேதான் தொடங்கியது. சின்னக் குடும்பமும் வேண்டும், அதில் ஆண் வாரிசும் வேண்டும், நிலமும் பிரியக் கூடாது என்று அன்றைக்குக் கணக்குப் போட்டவை, நாம் கட்டுக்கோப்பானவை என்று புகழும் அதே குடும்பங்கள். பிறக்காத பெண்ணை இன்றைக்கு எந்தத் தரகர் கொண்டுவருவார்?

இவ்வளவு சொன்னாலும் அவர்களிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு, அந்த ஆதாரக் கேள்வி. 1897 இல் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டர்க்கைம் தற்கொலைப் புள்ளிவிவரங்களை வைத்துக் குடும்பப் பிணைப்பு மனிதனைக் காக்கிறது என்று காட்டினார். அவர் தரவிலேயே திருமணம் பெண்ணைவிட ஆணுக்குத்தான் கூடுதல் காப்பாக இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆனாலும் காப்பு என்பது பொய்யில்லை. அந்தக் காப்பை இனி யார் கொடுப்பார்கள் என்ற கேள்வி இப்போது கொங்கு நாட்டில் வேறு உருவத்தில் வருகிறது. என் பேத்திக்குக் காது குத்தினோம். என் மருமகள் வீட்டுக்கு ஒரே பெண். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவது? மாமன் இல்லை. தூரத்து முறையில் ஒருவரைத் தேடிப் பிடித்து, பெங்களூரிலிருந்து வரவழைத்து, மாமன் சீர்த் தட்டை நாங்களே வாங்கி அவர் கையில் கொடுத்தோம். அவரும் நன்றாகத்தான் செய்தார், குழந்தைதான் யாரென்று தெரியாமல் மடியில் இருக்க மாட்டேன் என்று கத்தித் தீர்த்தது. அப்பா அம்மா இருவருமே ஒற்றைப் பிள்ளை என்றால் அவர்களுக்குப் பிறக்கும் ஒற்றைப் பிள்ளைக்கு மாமன் இல்லை, சித்தப்பா இல்லை, அத்தை இல்லை, பங்காளிச் சண்டைகூட இல்லை. அண்ணன் தங்கையைக் கட்டிப்போடும் இணைச்சீரைக் கல்யாணத்தில் யாருக்குச் செய்வது என்று கல்யாணச் சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரரே விழிக்கப் போகிறார். லெ ப்ளே, பார்சன்ஸ், அப்பாரு மூன்று பேருமே உறவுகள் இருக்கின்றன, அவற்றின் பிடி தளர்கிறது என்று வைத்துக்கொண்டு பேசியவர்கள். உறவே பிறக்காத நிலைமைக்கு அவர்களிடம் பதில் கிடையாது. சமூகவியலிடமும் இன்றைக்கு இருப்பது ஊகம்தான்.

உங்கள் பாடத்துக்கு ஒரு யோசனை. எம்.ஏ.வுக்கு எப்படியும் ஒரு களப்பணி ஏடு கேட்பார்கள். அப்பாருவிடம் காலம் கெட்டுவிட்டதா என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் உங்களுக்கே தெரியும். அவருக்குக் கல்யாணம் ஆன வருடத்தில் வீட்டில் எத்தனை பேர், அடுப்பு எத்தனை, பெட்டிச் சாவி யாரிடம், பாகம் பிரித்தது எந்த வருடம், எதனால் என்று கேளுங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் பரணில் இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள், அதில் அத்தைமார் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். அவர் பதில் சொல்லும்போது உள்ளேயிருந்து ஆத்தா "அதெல்லாம் அப்படி இல்லீங்க" என்று குறுக்கிட்டால், பேனாவை மூடாமல் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.